அக்கா பேரில் அமெரிக்கா

அக்கா செத்துப்போவாள் என்று நான் சொல்லவே இல்லை. செத்துப்போனால் பங்குக் கணக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்டேன். அதற்கே என் தம்பி யோகேந்திரன் கோப்பிக் கோப்பையை மேசைமேல் டொக்கென்று வைத்துவிட்டு, வாயைக் கழுவிட்டு வா சின்னக்கா என்றான். எதற்குக் கழுவ வேண்டும்? எங்கள் வீட்டில் எல்லாரும் சுற்றி வளைத்துத்தான் பேசுவார்கள். கடைசியில் யாராவது ஒருத்தி போட்டு உடைக்க வேண்டும். அந்த ஒருத்தி எப்போதும் நான்தான்.

என் பெயர் புஷ்பவள்ளி. பகாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். கணக்கு எழுதுகிறவள் என்பதால் தோட்டத்து ஆட்கள் இன்னும் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஏன் என்று கேட்டு வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறேன், பதில் கொடுத்ததில்லை. அக்கா மங்கம்மாவும் நானும் தாமான் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தீபாவளி முடிந்த கையோடு நெஞ்சு அடைக்கிறது என்றாள். கொண்டுபோய்க் காட்டினால், இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்திருக்கின்றன, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

யோகேந்திரன் கோலா பிலாவில் இருக்கிறான். செம்பனைப் பழக்குலை ஏற்றுகிற லோரிகள் சொந்தமாக வைத்து ஓட்டுகிறான். அக்காவிடம் பாசாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் அவன் வீட்டுக்குப் போனதே இந்த ஒரு விஷயத்தைப் பேசத்தான். அக்காவும் நானும் சேர்த்த காசு முழுவதும் அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளாக இருக்கிறது. வெளிநாட்டுத் தரகர் ஒருவரிடம் கணக்கு. அந்தக் கணக்கு அக்கா பேரில் இருக்கிறது, அக்கா பேரில் மட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் வயசான காலத்துக்கு அதை விட்டால் வேறு கதியில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கர் அல்லாத ஒருவர், அங்கே குடியிருக்காத ஒருவர், அமெரிக்கப் பங்குகளை வைத்துக்கொண்டு இறந்துபோனால், அறுபதாயிரம் டாலர் மதிப்பு வரைக்கும் அந்த நாட்டு அரசாங்கம் தொடாது. அதற்கு மேலே போனால் மரண வரி. மதிப்பு ஏற ஏற வரியும் ஏறும். உச்சியில் நூற்றுக்கு நாற்பது. அதோடு, வரி விவகாரம் முடிந்தது என்று அவர்கள் ஒரு சான்றிதழ் தரும் வரைக்கும் தரகர் கணக்கைத் திறந்துவிட மாட்டார். அந்தச் சான்றிதழுக்கு வருஷக்கணக்கில்கூடக் காத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஆரம்பித்தபோது அறுபதாயிரம் டாலர் எங்கேயோ மலை உச்சியில் இருந்தது. எங்களுக்கு எதற்கு அந்தக் கவலை என்று இருந்தோம். சேர்த்துக்கொண்டே போனோம், பங்குகளும் ஏறிக்கொண்டே போயின, அந்த எல்லையைத் தாண்டி நன்றாகவே போய்விட்டோம். அக்காவுக்கு நெஞ்சு அடைக்காமல் இருந்திருந்தால் அது எனக்குச் சந்தோஷமான செய்தி.

அக்கா பேரில் ஏன் போட்டோம் என்று கேட்கலாம். அதற்கு ராக்கம்மாவின் புது வீட்டுப் பால் காய்ச்சலுக்குப் போக வேண்டும்.

அக்காவின் புருஷன் முனியாண்டி மாமா மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பகாவ் சாலையில் லோரி அடித்து இறந்தவர். அக்காவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அதற்கப்புறம், அவள் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் ஒரு நல்ல காரியம் என்றால் அவளே பின்னால் போய் நின்றுகொள்வாள். பாத்திரம் கழுவவும் வெங்காயம் உரிக்கவும் மங்கம்மா வேண்டும், ஆரத்தித் தட்டைத் தொட மட்டும் கூடாது. தோட்டத்தை விற்று, ஆட்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து, எல்லாரும் தாமானில் வீடு வாங்கி வந்த வருஷம்தான் அந்தப் பால் காய்ச்சல். ராக்கம்மா எங்களுக்குப் பக்கத்து வீடு. பால் பொங்கி வருகிற நேரத்தில் அக்கா அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி நின்னுக்க மங்கம்மா என்றாள் ராக்கம்மா. கெட்ட மனுஷியில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்காவும் சிரித்துக்கொண்டே நகர்ந்து குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நான் அங்கே சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் பங்குக் கணக்கு திறக்க நான் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். உள்நாட்டுத் தரகரா, வெளிநாட்டுத் தரகரா என்று ஒரு மாதம் போட்டுக் குழப்பியிருந்தேன். யோகேந்திரன் சிரம்பானில் உள்ள ஒரு தரகரிடம் வாங்குகிறவன். ஏதாவது ஒன்று என்றால் நேரே போய்ச் சண்டை போடலாம், நம்ம ஊர் வெள்ளியாகவே கட்டலாம், அதுதான் நல்லது என்றான். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கமிஷன், வெள்ளியை டாலராக்குவதில் ஒரு பிடித்தம் என்று எனக்குக் கணக்கு உதைத்தது. நான் மாதாமாதம் சிறுகச் சிறுக வாங்குகிறவள். வெளிநாட்டுத் தரகரிடம் கமிஷன் கொஞ்சம்தான். சண்டை போட ஆள் கிடைக்காது, மின்னஞ்சலில்தான் திட்ட வேண்டும். திட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லாததால் அதையே எடுத்தேன். என் பேரில்தான் திறப்பதாக இருந்தேன்.

பால் பொங்கிய அன்று சாயங்காலம் அதை மாற்றினேன். அக்காவை உட்காரவைத்து, உன் பேரில்தான் கணக்கு, முதல் பங்கும் உன் கையால்தான் வாங்க வேண்டும், மறுத்தால் நான் இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றேன். பயந்து போனாள். என் கை எதுக்குடி, போற காரியம் விளங்கவா என்றாள். நான் விடவில்லை. சரி, பேர் தெரியாத சாமானை நான் தொட மாட்டேன் என்று ஒரு நிபந்தனை போட்டாள். அதனால் கடையில் கண்ணுக்குத் தெரிகிற கம்பெனிகளாகப் பார்த்தோம். பற்பசை செய்கிறவன், சோப்பு செய்கிறவன், குளிர்பானக்காரன், கைப்பேசிக்காரன். வாங்கு என்ற பொத்தானை அக்கா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அது ஏறியது. சும்மா இல்லை, அப்படி ஏறியது. நடுவில் விழுந்தபோதுகூட அக்கா கையால் இன்னும் கொஞ்சம் வாங்கினோம், மறுபடி ஏறியது. நான் ஆலையில் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவைக்க, மங்கம்மாவுக்குக் கைராசி என்று பேச்சு பரவியது. முதலில் ஒருத்தி மகனின் புது மோட்டாருக்குச் சாவி வாங்க அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம் ஒருவர் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் போடும் கடைக்கு முதல் வியாபாரம் கேட்டு வந்தார். கடைசியில் அதே ராக்கம்மா, மகள் காது குத்துக்கு அக்கா கையால் தோடு வாங்கித்தரச் சொல்லி வந்து நின்றாள். கதவைத் திறந்தது நான்தான். கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி நின்னுக்க ராக்கம்மா, அக்கா வர்றாங்க என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பங்குகளை வாங்கியிருக்கலாம்.

அதனால் அந்தக் கணக்கில் இருப்பது வெறும் காசு இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தரகர் ஒரு படிவம் அனுப்புவார், நான் அமெரிக்கர் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அக்கா அதைப் போடுகிற அழகைப் பார்க்க வேண்டும். குளித்துவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போடுவாள். பால்மரம் வெட்டின மங்கம்மா அமெரிக்கர் இல்லைன்னு அமெரிக்காக்காரனுக்கே சந்தேகம் பாரு என்று சொல்லிச் சிரிப்பாள்.

யோகேந்திரன் வீட்டில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும். வரி விஷயத்தைத்தான் சொன்னேன். அவன் உடனே, என்னை மாதிரி சிரம்பானில் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருக்குமா என்றான். இருக்கும்டா என்றேன். ஆப்பிளைச் சிரம்பான் கடையில் வாங்கினாலும் அது ஆஸ்திரேலியா ஆப்பிள்தான். யார் கையில் வாங்குகிறோம் என்பதில் கமிஷன் மாறும், வசதி மாறும். பங்கு அமெரிக்கப் பங்கு என்பது மாறாது. அவன் முகம் கொஞ்சம் வெளுத்தது. அவனுடையதையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பான்.

பிறகு அவன் ஒரு வழி சொன்னான். கடவுச்சொல் உன்னிடம் இருக்கிறது, அக்காவின் கைப்பேசியும் வீட்டில்தான் கிடக்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் உன் பேருக்கு மாற்றிவிடு, இல்லாவிட்டால் விற்று உன் கணக்கில் போட்டுக்கொள். அக்காவுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஆப்பரேஷனுக்குப் போகிற நேரத்தில் அவள் காதில் இதைப் போட்டால் அந்த அதிர்ச்சியிலேயே ஏதாவது ஆகிவிடாதா? நல்ல மனசோடுதான் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

எனக்கும் ஒரு நிமிடம் அது சரி என்றே பட்டது. பத்து நிமிட வேலை. அப்புறம் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் முகம் ஞாபகம் வந்தது.

"ராக்கம்மாவாவது மூஞ்சிக்கு நேரா நகரச் சொன்னா. நாம முதுகுக்குப் பின்னால நகத்துறோம்," என்றேன். "நான் செய்ய மாட்டேன்டா."

வீட்டுக்கு வந்தபோது அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாசாருக்குப் போனவள் வெறுங்கையோடு வந்ததை உடனே கவனித்துவிட்டாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. நீ செத்துப்போனால் என்றுதான் ஆரம்பித்தேன். எல்லை, வரி, கணக்கு முடங்கிப்போவது, என் பேருக்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்பது, ஒன்றையும் விடவில்லை. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"என் பேரு ஆகாதுன்னு ராக்கம்மா பாலக் காட்டிச் சொன்னா. நீ வரியக் காட்டிச் சொல்ற," என்றாள். "எடுத்துக்கடி. யார் பேருல வேணுமோ மாத்திக்க."

கைப்பேசியை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிட வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அமெரிக்காக்காரன்மேல் கோபம், டாக்டர்மேல் கோபம், அவள்மேலும் கோபம். பத்துப் பாத்திரத்தைப் பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கழுவினேன். கைப்பேசியைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம், ராக்கம்மா வந்தாள். மரத்தடியில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் கடை போடப் போகிறாளாம். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவள் கையால் ஒரு வெள்ளி கொடுத்து முதல் பொட்டலம் வாங்கினால் போதும், கடை ஓடிவிடும் என்றாள். அக்கா வாசலுக்கே வரவில்லை. என் கைக்கு இப்ப நேரம் சரியில்ல ராக்கம்மா, வேற யாரையாச்சும் பாரு என்று உள்ளே இருந்தபடியே சொன்னாள். ராக்கம்மா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். நெஞ்சு அடைப்புக்குக்கூட அக்கா குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு ஆலையில் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. யாராவது மேசைப் பக்கம் வந்தால் முறைத்தேன், போய்விட்டார்கள். அக்கா பேரும் இருக்க வேண்டும், காசும் வரியில் போகக் கூடாது. வழி இல்லாமல் இருக்காது என்று தேடினேன். என்னைப்போல அமெரிக்கர் அல்லாதவர்கள் இந்த உலகத்தில் எத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள், அத்தனை பேருமா இந்த வலையில் விழுந்து கிடப்பார்கள்? சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கிடைத்துவிட்டது. அதே அமெரிக்கக் கம்பெனிகளின் பங்குகளைக் கூடை கூடையாக வாங்கி வைத்திருக்கிற நிதிகள் இருக்கின்றன. அவற்றில் சில அயர்லாந்தில் பதிவானவை, லண்டன் சந்தையில் விற்பவை. நம் கையில் இருப்பது அந்தக் கூடையின் பங்கு. கூடை அயர்லாந்துக் கூடை. ஆகவே அமெரிக்க மரண வரி அதைத் தொடாது. எங்கள் தரகரே லண்டன் சந்தையிலும் வாங்கித் தருகிறவர். சந்தேகத்துக்கு அவர்களுக்கும் எழுதிக் கேட்டேன், வரி ஆலோசனை சொல்கிற ஒருவருக்குக் காசு கட்டியும் கேட்டேன். இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். அதற்குமேல் எனக்கு யாரும் வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதைப் பற்றி எனக்கென்ன, நான் பேசினேன்.

"அக்கா, கடைய மாத்தல. உன் பேர மாத்தல. சாமான மட்டும் மாத்துறோம்," என்றேன்.

அவள் தலையைத் தூக்கினாள். நான் கூடைக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் போட்ட கேள்விகள் இருக்கிறதே, அந்த வரி ஆலோசகரிடம் நான்கூட அப்படிக் கேட்கவில்லை. அந்த அயர்லாந்துக்காரன் வரி கேட்க மாட்டானா? அவன் நாட்டில் குடியில்லாதவர்களிடம் கேட்க மாட்டான். இப்போது விற்றால் லாபத்துக்கு அமெரிக்காக்காரன் பிடிக்க மாட்டானா? விற்கிற லாபத்தில் நம்மிடம் பிடிப்பதில்லை, ஈவுத்தொகையில்தான் நூற்றுக்கு முப்பது பிடிக்கிறான். இந்தக் கூடைக்குள் அதுவும் பாதியாகிவிடும். நம்ம அரசாங்கம்? நம்மைப்போலத் தனி ஆட்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு இப்போதைக்கு விலக்கு இருக்கிறது, மாறினால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கூடைக்குள் பற்பசைக்காரன் இருக்கிறானா? இருக்கிறான். சோப்பு? இருக்கிறான்.

"இவ்வளவு நல்ல சாமானுன்னா மொதல்லயே இதை வாங்கியிருக்கலாம்லா?" என்றாள்.

பேர் தெரியாத சாமானைத் தொட மாட்டேன் என்று சொன்னது யார் என்று எகிறினேன். அவள் வாய்க்குள்ளே சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் விற்கிற இடத்தில் மாட்டிக்கொண்டோம். கைராசிக்காரர் கையால் வாங்கலாம், கொடுக்கலாம், வைத்திருப்பதை விற்றுத் தள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். இந்தக் கையால் விற்க மாட்டேன் என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சரி, நான் விற்கிறேன், என் கைக்கு ஒரு ராசியும் கிடையாது என்றேன். அடுத்தது, அமெரிக்கச் சந்தை நமக்கு ராத்திரி பத்தரைக்குத் திறக்கும். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து உப்பைக்கூட வெளியே கொடுக்காதவள் அவள், மொத்தச் சொத்தையும் வெளியே போக விடுவாளா? இப்பவே பட்டப்பகலில் ஆர்டர் போட்டு வைத்துவிடலாம், சந்தை திறந்ததும் அதுவாகவே விற்கும் என்றேன். மறைத்த கையை எடுத்து விரல்விட்டு மணிக்கணக்கு எண்ணினாள்.

"அவன் ஊர்ல அப்ப காலைதானே?" என்றாள். "காலைல கைமாறுனா தப்பில்லலா. போடு."

மத்தியான வெயிலில் நான் ஆர்டர் போட்டேன். பற்பசை, சோப்பு, குளிர்பானம், கைப்பேசி என்று ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறியது. அக்கா ஒவ்வொரு பேருக்கும் ஏதோ முணுமுணுத்தாள். விடை கொடுக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டால், போயிட்டுக் கூடைக்குள்ள வாங்கடா என்றாளாம்.

மறுநாள் காலையில் எல்லாம் விற்று டாலராகக் கணக்கில் கிடந்தது. இரண்டு சந்தைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு பகலில் கணக்கைப் பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். நாலு மணிக்கு லண்டன் திறக்கும். யோகேந்திரன் லோரி வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான், தன் கணக்கையும் கூடைக்கு மாற்ற வேண்டும் என்று சிரம்பான் தரகரிடம் கேட்டிருக்கிறானாம். நான் கூப்பிட்டுத்தான் ராக்கம்மாவும் வந்திருந்தாள். அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையை நான் மறைக்கப்போவதில்லை.

அக்கா குளித்து, நல்ல சேலை கட்டி, சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பேரைப் படி என்றாள், படித்தேன். எத்தனை என்றாள், சொன்னேன். வாங்கு என்ற பொத்தானைத் தொட்டுவிட்டு, கைப்பேசியை என்னிடம் கொடுத்து, சரியா விழுந்திருக்கா பாரு என்றாள். விழுந்திருந்தது. கணக்கின் தலைப்பில் மங்கம்மா என்ற அவள் பெயர் அப்படியே இருந்தது.

பிறகு அவள் தன் சுருக்குப்பையைத் திறந்து ஒரு வெள்ளியை எடுத்து ராக்கம்மாவிடம் நீட்டினாள். நாளைக்குக் கடை போட்டதும் முதல் பொட்டலத்தை இங்கே அனுப்பு, மிளகாய்ச் சம்பல் கூட வை என்றாள். ராக்கம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போனது. முழுக்கப் போனது என்று சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒரு வேலை இருந்தது. வரித் தொல்லை ஒழிந்தாலும், ஆள் போய்விட்டால் கணக்கு யாருக்கு என்று எழுதிவைக்காமல் தரகர் யாரிடமும் லேசில் கொடுக்க மாட்டார். உயில் எழுத யோகேந்திரன் எங்களைக் கோலா பிலா வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனான். வக்கீல் ரொம்ப மரியாதையாக, அப்படி ஏதாவது காலத்தில் ஒரு நிலைமை வந்தால் என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

"நான் செத்தா எல்லாம் புஷ்பாவுக்கு. எழுதுங்க," என்றாள் அக்கா.

யோகேந்திரன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். வாயைக் கழுவச் சொல்லி என்னிடம் சொல்ல முடிந்தது, அவளிடம் சொல்ல முடியுமா? உட்காருடா என்றாள், உட்கார்ந்தான். வரும் வழியில் சீனன் கடையில் ஐஸ் காச்சாங் கேட்டாள். டாக்டர் இனிப்புக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். டாக்டர் அறுக்கப்போறது அடுத்த வாரம்தானே என்றாள். பாதியைத் தின்றுவிட்டு மீதியை யோகேந்திரன் பக்கம் நகர்த்தினாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தாமானில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அயர்லாந்துக் கூடையைப் பற்றிப் பாடம் நடந்தது. ஆப்பரேஷனைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அதே பாடம்தான். நான் ஆலைக்குப் போனால், கிராணியம்மா, அந்தக் கூடையை எங்கே வாங்கலாம் என்று ரெண்டு பேர் கேட்டார்கள். முதலில் அறுபதாயிரம் டாலர் சேர்த்துவிட்டு வந்து கேளுங்கள், அதுவரைக்கும் நிம்மதியாகத் தூங்குங்கள் என்றேன்.

ஆப்பரேஷன் அன்று காலையில் அவளைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்தார்கள். பச்சைத் துணி போர்த்தி, தலைக்கு ஒரு தொப்பி மாட்டினார்கள். கழுத்தில் கிடந்த சங்கிலியைக்கூட என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெரிய கட்டிலில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள். நான் ஒரு பக்கம், யோகேந்திரன் மறுபக்கம் நடந்துகொண்டே போனோம். தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்த் தாதிப் பெண் குனிந்து, பயமா இருக்கா அம்மா என்று கேட்டது.

"என்ன பயம்?" என்றாள் அக்கா. "நான் செத்தாலும் அமெரிக்காக்காரனுக்கு ஒரு காசு கெடையாது."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. யோகேந்திரன் சிரித்துவிட்டான். எனக்கு மட்டும் என்னவோ ஆகிவிட்டது. எத்தனை தடவை நானே சொன்ன வார்த்தை, எத்தனை பேர் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை, அவள் வாயிலிருந்து அந்தக் கதவுக்கு முன்னால் வந்ததும் கட்டிலை மேலே தள்ளவிடாமல் நின்றுவிட்டேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வார்த்தையச் சொல்லாதக்கா," என்றேன். சொல்லாதக்கா, சொல்லாதக்கா என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, தாதிப் பெண்ணுக்கு முன்னால், தம்பிக்கு முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அக்கா என்னை அதிசயமாகப் பார்த்தாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் விரலைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நீதானடி மொதல்ல சொன்ன," என்றாள். "போயி மொகத்தக் கழுவிட்டு ஏதாச்சும் சாப்புடு. நாலு மணிக்கு லண்டன் தொறக்கும், என்ன வெலைன்னு பாத்து வையி. வெளிய வந்து கேப்பேன்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் முகத்தைக் கழுவினேன். யோகேந்திரன் வாங்கித்தந்த ரொட்டிச் சானாயைச் சாப்பிட்டேன். நாலு மணிக்கு லண்டன் திறந்ததும் விலையைப் பார்த்து வைத்தேன்.

மறுநாள், வாயிலிருந்த குழாயை எடுத்ததும், கேட்டாள்.